"நான் வரலை, நீங்கள்லாம் போயிட்டு வாங்கோ"

இந்த வாக்கியத்தைச் சொல்லாத பாட்டி நம் ஊரில் உண்டா? முழங்கால் தேய ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டிலும் இதே பல்லவிதான். வெளியூர்ப் பேச்சு எடுத்தாலே என் மனைவி முதலில் தன் பெயரை அடித்துவிடுவாள்.

போன டிசம்பரில் பெங்களூரிலிருந்து பையன் போன் செய்தான். "அப்பா, குழந்தைகளுக்கு லீவு. முதுமலை நேஷனல் பார்க் போலாம், எல்லாருமா." சமையலறையிலிருந்து உடனே குரல் வந்தது. தலைப்பைப் பார்க்கவும்.

அந்தக் குரலிடம் எனக்கு ஒரு பழைய கடன் பாக்கி. மூன்று வருஷம் முன்பு ஒரு மலை ஊருக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். பூங்கா வாசலிலேயே நாற்பது படி. "நான் வண்டியிலேயே இருக்கேன்" என்றாள். நாங்களும் சரி என்று போய்விட்டோம். திரும்பி வர இரண்டரை மணி நேரம். டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். பாத்ரூம் எங்கே என்று கேட்கக்கூட ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் வந்து செல்போனில் எடுத்த போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு "நன்னா இருக்கு" என்றாள். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

ஆகவே இந்தத் தடவை என் கட்சி இதுதான்: வீட்டில் யாரால் மிகக் குறைவாக நடக்க முடியுமோ, அவரை வைத்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். முதுமலை மேல் எனக்கு விரோதமில்லை. தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியிலேயே உட்கார்ந்து காட்டைப் பார்க்கலாம். ஆனால் கோவை, மேட்டுப்பாளையம், குன்னூர் ஏற்றம், ஊட்டி, கூடலூர் இறக்கம் என்று போய்ச் சேர்வதற்குள் நாலு வயதுப் பேரனுக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் யானை ஆசையே விட்டுப்போகும்.

தமிழ்நாட்டில் தேசியப் பூங்கா ஐந்து. திருச்சி மாவட்டத்தில் ஒன்றும் கிடையாது. அதனால் என்ன? நம் ஸ்ரீரங்கம் தீவிலேயே, மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015-இல் திறந்தது, 25 ஏக்கர். மலையும் இல்லை, மேடும் இல்லை. முதலில் இங்கே ஒத்திகை, பிறகு முதுமலை என்றேன்.

தில்லைநகரில் ஒரு கடையில் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்து வந்தேன். அன்று முழுக்க என்னோடு பேச்சில்லை. ராத்திரிதான், "நான் என்ன பேஷண்டா?" என்றாள்.

"பெரிய கோயில்ல பேட்டரி கார்ல ஏறறப்ப இந்த வெட்கம் எங்கே போச்சு?"

"அது பெருமாளைச் சேவிக்க. இது பூச்சி பார்க்க."

எனக்குப் பதில் வரவில்லை. நம்மில் பலருக்கு இதே கணக்குதான். ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் பிறர் தள்ளிக்கொண்டு போகலாம். வெறும் சந்தோஷத்துக்குப் போவதென்றால் சொந்தக் காலில் நடக்க வேண்டும், முடியாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டும். யார் போட்ட சட்டம் இது?

செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதால் புதனன்று போனோம். வண்ணத்துப்பூச்சி நம்மைப் போன்ற வயசாளிகளுக்கு ரொம்ப ஒத்துழைக்கிற ஜீவன். உடம்பில் வெயில் பட்டுச் சூடேறினால்தான் பறக்கும். பறவை பார்க்கிறவர்கள் மாதிரி விடியற்காலையில் ஓட வேண்டாம். காப்பி, டிபன், பிரஷர் மாத்திரை எல்லாம் முடித்துக்கொண்டு நிதானமாகப் போகலாம். மழைக்காலம் முடிந்து செடிகள் தழைத்திருக்கும் சமயம் இன்னும் விசேஷம்.

நாற்காலியின் உயரமும் குழந்தைகளின் கண் உயரமும் ஒன்று என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இலைக்கு அடியில் இருந்த புழுவை நான் பார்க்கவில்லை, அவர்கள் பார்த்தார்கள். "நம்மாத்துக் கறிவேப்பிலையை மொட்டையடிக்கறதே இந்த மாதிரி ஒரு புழுதான். அதுவும் கறுப்பா, வெள்ளைப் பொட்டு வெச்ச பூச்சியாப் பறந்துடும்" என்று பாட்டி கதை ஆரம்பித்தாள். பேத்தி நாற்காலியை விட்டு நகரவில்லை. பேரன் அரை மணியில் கால் வலிக்கிறது என்று பாட்டி மடியில் ஏறிக்கொண்டான். அப்புறம் அது யாருக்கான நாற்காலி என்றே தெரியவில்லை.

2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. சாய்வுப் பாதையெல்லாம் அதில் வருகிறது, நல்லது. ஆனால் முழங்கால் வலிக்காரர் எவரும் தன்னை அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வதில்லை. எங்களுக்கு வேண்டியது நிழலில், சாய்மானமும் கைப்பிடியும் உள்ள பெஞ்சு. மொட்டைச் சிமெண்டு பெஞ்சில் உட்காரலாம், எழுந்திருக்க இன்னொருவர் வேண்டும்.

கிளம்புமுன் எந்த இடமானாலும் போன் செய்து கேளுங்கள். "வீல்சேர் வருமா?" என்று கேட்காதீர்கள், "வரும் சார்" என்றுதான் பதில் வரும். வாசலில் எத்தனை படி, டாய்லெட் வெஸ்டர்னா, அது வாசலிலிருந்து எவ்வளவு தூரம், கார் எதுவரை வரும் என்று கேளுங்கள். எண்ணிக்கை கேட்டால் மனிதர்கள் எழுந்துபோய்ப் பார்த்துச் சொல்கிறார்கள்.

அன்று ராத்திரி பையனிடம் சமையலறையிலிருந்து மறுபடி குரல் வந்தது.

"ஏண்டா, அந்த முதுமலை வண்டில ஏற எத்தனை படின்னு கேட்டு வெச்சுக்கோ."