விடையைச் சேமித்துவைத்தல் தகுமோ?

ஒரே வினாவைப் பன்முறை கேட்குங்கால், முன்னர்க் கண்ட விடையைச் சேமித்துவைத்து மீட்டும் அளித்தல் நன்றென்றே எவருங் கருதுவர். மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளச் சர்வர் நெடுநாள் அவ்வாறே செய்துவந்தது. 2018-இல் வெளிவந்த 8.0 பதிப்பில் அவ்வசதி அறவே நீக்கப்பட்டது. நீக்கியது முறையே என்பது எம் துணிபு.

அட்டவணையில் ஒரு வரி மாறினும், அவ்வட்டவணையைச் சார்ந்த விடைகள் யாவும், பழுதற்றனவுங்கூட, அழிக்கப்பட்டன. வினாவில் ஆங்கில எழுத்தொன்று பெரிதாயினும் அது வேறு வினாவாம்! சேமிப்பைக் காக்கும் பூட்டோ ஒன்றே. ஆதலின் பல செயலிகள் ஒரே வாயிலிற் காத்துநின்றன. மாற்றங்கள் மலிந்த தளத்தில் இஃது உதவியன்று, சுமையே.

மாற்றம் அரிதாய தளங்களுக்கு அது பயன்பட்டதென்பாரை யாம் மறுக்கிலேம். அவர்க்கும், வினாவை விடுக்கும் நிரலே விடையைச் சேமித்தல் தக்கது. நூலகப் பட்டியல் ஒரு மணிநேரம் பழையதாயினுங் கேடில்லை. வங்கி இருப்பு அங்ஙனமன்று. இவ்வேறுபாட்டைச் சர்வர் எங்ஙனம் அறியும்?