அந்த வலது கை

போத்தனூர் ரயில்வே காலனியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அங்கிள் வீடு. ஆங்கிலோ-இந்தியக் குடும்பம். அவர் என்ஜின் டிரைவர். கிறிஸ்துமஸ் வாரம் வந்தால் ரயில்வே இன்ஸ்டிடியூட் நடனத்துக்கு அவர்தான் ட்ரம்ஸ். மற்ற மாதங்களில் அந்த ட்ரம்ஸ் செட் ஒரு பழைய போர்வைக்குள் முன்னறை மூலையில் கிடக்கும். டியூட்டி இல்லாத ஞாயிறு மாலைகளில் போர்வையை உருவிவிட்டு, ரெக்கார்ட் பிளேயரில் ஓர் இசைத்தட்டை வைத்து, அதோடு சேர்ந்து வாசிப்பார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பேன். ஒருநாள், "ஏன் மேன் வெளியே நிக்குறே, உள்ளே வா" என்றார். 1978. எனக்குப் பதினைந்து வயது.

அன்று சுழன்றுகொண்டிருந்தது ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்'. 1971-ல் வந்தது. இங்கிலாந்துக்குக் குடிபோன அண்ணன் அங்கிளுக்கு அனுப்பிவைத்தது. உறையில் கறுப்பு வெள்ளையில் ஒரு ஜீன்ஸ் பேன்ட்டின் இடுப்புப் பகுதி. அதில் நிஜமான ஜிப்! ஓவியர் ஆண்டி வார்ஹோலின் யோசனை அது. தட்டுகளை அடுக்கி அனுப்பியபோது ஜிப்பின் பிடி பக்கத்துத் தட்டை அழுத்திப் பாட்டையே கெடுத்துவிட்டதாம். அதனால் ஜிப்பைப் பாதி இறக்கிவைத்து அனுப்பத் தொடங்கினார்கள். அழுத்தினாலும் நடுவில் இருக்கும் காகித லேபிளில்தான் பள்ளம் விழும், பாட்டில் விழாது. அங்கிள் என் விரலைப் பிடித்து லேபிளின் மேல் வைத்தார். சின்னதாக ஒரு குழி தட்டுப்பட்டது.

அந்த லேபிளில் ஒரு வாய், வெளியே நீட்டிய சிவப்பு நாக்கு. என்னைத் தேடிக்கொண்டு வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு இது, காளியாத்தா நாக்காட்டம் இருக்குது?" என்றாள். பல வருடம் கழித்துத்தான் படித்தேன்: குழுவின் பாடகர் மிக் ஜாகர் ஒரு காளி படத்தைக் காட்டித்தான் ஜான் பாஷ் என்ற ஓவியக் கல்லூரி மாணவரிடம் சின்னம் வரையச் சொல்லியிருக்கிறார். கூலி ஐம்பது பவுண்டு. அம்மா ஒரே பார்வையில் மூலத்தைச் சொல்லியிருக்கிறாள்.

முதல் பாட்டு 'பிரவுன் சுகர்'. அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. புரிந்தபோது முப்பது வயது ஆகியிருந்தது. அடிமைக் கப்பலையும் அடிமைப் பெண்களுக்கு நேர்ந்த கொடுமையையும் இப்படித் துள்ளும் தாளத்தில் பாடியிருக்கிறார்களே என்று மனம் சங்கடப்பட்டது. 2021-ல் மேடையில் அதைப் பாடுவதை விட்டார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த கிதார் ஆரம்பித்தால் இன்றும் என்னால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை.

நான் சொல்லவந்தது வேறு. கோவையில் கல்லூரியில் படித்த காலத்தில் 'டாட்டூ யூ' கேசட் கையில் கிடைத்தது. 1981-ல் வந்த இசைத்தொகுப்பு. முதல் பாட்டு 'ஸ்டார்ட் மீ அப்'. பேருந்திலிருந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அங்கிளிடம் கொண்டுபோனேன். ஒருமுறை கேட்டார். இரண்டாம் முறை கேட்டார். பிறகு போர்வையை உருவிவிட்டு உட்கார்ந்தார்.

தாளம் என்று பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. உலகத்திலேயே எளிமையான தாளம். அங்கிள் ஒரு தப்பும் இல்லாமல் வாசித்தார். ஆனாலும் கேசட்டில் இருந்த ஏதோ ஒன்று அவரிடம் இல்லை. கேசட்டில் பாட்டு மூச்சு விட்டுக்கொண்டு நடந்தது. அங்கிள் வாசித்தபோது அதே பாட்டு மூட்டை சுமப்பதுபோல் நடந்தது. நிறுத்தினார். ரீவைண்ட் செய்தார். மறுபடி வாசித்தார். நிறுத்தினார்.

"ரெண்டாவது அடியில ஏதோ பண்றான் மேன் இந்த சார்லி. நாலாவதுலயும் பண்றான். எனக்குப் பிடிபட மாட்டேங்குது."

சார்லி வாட்ஸ், குழுவின் ட்ரம்ஸ் வாசிப்பாளர். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அந்தக் குழு என்றால் அவர்தான். ஜாகரின் ஆட்டமும் கீத் ரிச்சர்ட்ஸின் கிதாரும் ஊர் உலகத்துக்குத் தெரிந்தவை. எங்களுக்கு வேண்டியது இரண்டாவது அடியில் இருந்த அந்த ரகசியம். பின்னாளில் கேபிள் டிவி வந்தது, பாட்டுகளை ஒளிபரப்பினார்கள். ஆவலாகப் பார்த்தோம். காமிரா ஜாகரின் வாயை விட்டு நகரவே இல்லை. சார்லி கண்ணில் படும் நேரத்துக்குள் காட்சி மாறிவிடும்.

நான் வேலைக்குச் சென்னை வந்தேன். அங்கிள் ஓய்வு பெற்று போத்தனூரிலேயே தங்கிவிட்டார். லண்டனில் 1962-ல் தொடங்கிய அந்தக் குழு நாற்பது வருடமாக இந்தியா பக்கம் வந்ததே இல்லை. வருவார்கள் என்று நான் நினைத்ததும் இல்லை. அதனால் 2003-ல் பெங்களூர், மும்பை என்று செய்தி வந்தபோது நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். டிக்கெட் வாங்கிய பிறகும் நிம்மதி இல்லை. மார்ச்சில் ஈராக் போர் தொடங்கியது. சார்ஸ் காய்ச்சல் கிழக்காசியாவைப் பிடித்து ஆட்டியதில் ஹாங்காங் கச்சேரிகள் தள்ளிப்போயின. இங்கேயும் ரத்தாகிவிடுமோ என்று தினமும் காலையில் பயந்துகொண்டேதான் பேப்பரைப் பிரிப்பேன்.

அங்கிளுக்கு போன் செய்து, கூட்டிப்போக நானே வருகிறேன் என்றேன். அவருக்கு எழுபத்து மூன்று வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. "என்னால நிக்க முடியாது மேன். நீ போ. மத்தவன் எவனையும் பார்க்காதே. அந்த ஆளு கையை மட்டும் பார்த்துட்டு வா" என்றார்.

ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை. பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் போய் இறங்கினேன். பெங்களூரில் கோடை மழை பிடித்துக்கொண்டது. அரண்மனை மைதானம் சேறாகிவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள், பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டவர்கள், மகனும் அப்பாவும் ஒரே கோட்டுக்குள் புகுந்துகொண்டவர்கள் என்று எல்லாரும் நனைந்துதான் நின்றோம். எவரும் வீட்டுக்குப் போகவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஷில்லாங்கிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார். என் ஊரைச் சொன்னேன். தலையசைத்தார். அதற்குமேல் பேச எங்கள் இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

விளக்குகள் எரிந்தன. மேடையில் அவர்கள் விரல் உயரத்துக்குத்தான் தெரிந்தார்கள். ஐம்பத்தொன்பது வயது ஜாகர் ஈர மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடினார். கீத் முழங்காலை மடக்கிக் குனிந்து கிதாரை அறைந்தார். ஆறாம் தந்தியைக் கழற்றிவிட்டு ஐந்தே தந்தியில் அவர் வாசிக்கும் கிதார் உண்டு. அதன் ஒலி தட்டில் கேட்டதைவிட முரட்டுத்தனமாக, நெஞ்செலும்பில் வந்து இடித்தது. இருபத்தைந்து வருடம் காதால் மட்டும் தெரிந்திருந்த மனிதர்கள் மழையில் நனைந்துகொண்டு எனக்கு முன்னால் மூச்சு வாங்குகிறார்கள் என்று உணர்ந்தபோது கண் நிறைந்துவிட்டது. மழையில் அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

'ஸ்டார்ட் மீ அப்' தொடங்கியது. பெரிய திரையில் காமிரா ஜாகரை விட்டு விலகி, பின்னால் உட்கார்ந்திருந்த நரைத்த தலை மனிதரிடம் போயிற்று. போனது அங்கேயே நின்றது. பத்து நொடி இருக்கலாம், பதினைந்து இருக்கலாம். எனக்கு அது போதும்.

ட்ரம்ஸ் வாசிப்பவரின் இடப்பக்கத்தில் ஹை-ஹாட் என்று ஒன்று இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்த இரண்டு தாளத்தட்டுகள், பெரிய ஜால்ரா போல. சாதாரணமாக வலது கை அதில் ஓர் ஆவர்த்தத்துக்கு எட்டு அடி விடாமல் தட்டிக்கொண்டிருக்கும். இரண்டிலும் நான்கிலும் இடது கை ஸ்னேர் மேளத்தில் விழும். அந்த இரண்டு இடத்தில் இரு கையும் சேர்ந்தே விழுவதுதான் எல்லாரும் செய்வது. அங்கிளும் அப்படித்தான் வாசித்தார்.

சார்லி தூக்கிவிட்டார். இடது கை ஸ்னேரில் இறங்கும் அந்தக் கணத்தில் வலது கை தட்டைத் தொடாமல் மேலே போனது. அடுத்த அடிக்குத் திரும்பி வந்தது. நான்கில் மறுபடி மேலே போனது. எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறுதான். வலது கை விட்டுக்கொடுத்த அந்த இடத்தில் ஸ்னேர் தனியாக, துணை இல்லாமல், சுத்தமாக விழுந்தது. மிருதங்கக்காரர்கள் கார்வை என்று சொல்கிறார்களே, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் விடுகிற இடம், அதேதான். வாசிக்காமல் விட்டதை இருபது வருடமாகக் காதில் வாங்கிக்கொண்டு, என்ன வாசிக்கிறார் என்று தேடியிருக்கிறோம்.

திரை மறுபடி ஜாகரிடம் போய்விட்டது. நான் மேடையின் பின்பக்கத்தில் தெரிந்த அந்தச் சின்ன உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலான குழுக்களில் ட்ரம்ஸைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவர்கள் போவார்கள். இங்கே கீத் முன்னால் போகிறார், சார்லி அவரைப் பின்தொடர்கிறார், ஒரு மயிரிழை தாமதத்தில். இதைப் பல இடங்களில் படித்திருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன். சார்லியின் தலை கீத் இருந்த பக்கமே திரும்பியிருந்தது. மைதானம் முழுக்க ஜாகரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது அவர் ஒருவர் மட்டும் ஒரு கிதாரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றி எனக்குப் பிடித்த கதைகள் இரண்டு. சிறுவயதில் அவர் கையில் கிடைத்தது பாஞ்சோ. வாசிக்க வரவில்லை. கழுத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த வட்டத் தோலை மேளமாக்கிக்கொண்டார். இன்னொன்று, விளம்பர ஓவியராக வேலை பார்த்தவர் அவர். 1960-களின் பிற்பகுதியிலிருந்து, வெளியூரில் தங்கிய ஓட்டல்களில் தான் படுத்த கட்டில்களையெல்லாம் நோட்டில் வரைந்து வைத்தவர். பெங்களூரில் படுத்த கட்டிலும் அதில் எங்கேயோ இருக்கத்தான் வேண்டும். உலகமே இரைச்சலாகப் பார்த்த ஒரு குழுவின் நடுவில் உட்கார்ந்து, இரவு அறைக்குத் திரும்பியதும் பென்சிலைச் சீவிக்கொண்டு கட்டிலை வரைந்த மனிதருக்குத்தான் அப்படி இடம் விட்டு வாசிக்க வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. 2021 ஆகஸ்ட் 24-ல் எண்பது வயதில் இறந்தார். 2023-ல் குழு வெளியிட்ட 'ஹாக்னி டைமண்ட்ஸ்' தொகுப்பில் இரண்டு பாட்டுகளில் அவர் முன்பே வாசித்துவைத்தது இருக்கிறது. போன வாரம் அதைக் கேட்டேன். கேட்டதும் போத்தனூர் ஞாபகம் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கச்சேரிக்கு மறுநாள் இரவு ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏறி, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கோவையில் இறங்கினேன். சேறு காய்ந்த பேன்ட்டோடு அங்கிள் வீட்டு வாசலில் நின்றேன். ட்ரம்ஸ் செட் அங்கே இல்லை, இன்ஸ்டிடியூட் பையன்கள் யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார். "பார்த்தியா?" என்றார். நல்லா இருந்துச்சா, கூட்டம் எப்படி, மழையாமே என்று ஒன்றும் கேட்கவில்லை.

"இரண்டிலும் நான்கிலும் வலது கையைத் தூக்கிடறார் அங்கிள். தட்டுல அடிக்கறதில்லை."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி இரண்டு கரண்டி கேட்டார். சாப்பாட்டு மேசையில் ஒரு எவர்சில்வர் மூடியைக் கவிழ்த்து வைத்தோம். மூடிதான் ஹை-ஹாட், மேசைப் பலகைதான் ஸ்னேர். ஆரம்பித்தார். இரண்டு வந்தது. இரண்டு கரண்டியும் சேர்ந்தே விழுந்தன. ஐம்பது வருடப் பழக்கம், கை கேட்கவில்லை. நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி சேர்ந்தே விழுந்தன.

ஆன்ட்டி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அவர் பின்னால் நின்றார். குனிந்து அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஒன்று" என்று நான் எண்ணினேன். "இரண்டு" என்றதும் ஆன்ட்டி அந்தக் கையை மேலே தூக்கினார். பலகையில் இடது கரண்டி மட்டும் விழுந்தது. மூன்று. நான்குக்கு மறுபடி தூக்கினார். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாவது சுற்றோ ஆறாவது சுற்றோ, ஆன்ட்டி பிடியை விட்டார். கை தானாக மேலே போனது.