காலத்தே காண்பதே முதற் சிகிச்சை

கொல்கத்தாவின் கார்டன் ரீச் பகுதியில், ஹூக்ளி நதிக்கரையில் கப்பல் கட்டும் தளமும் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும் அமைந்துள்ளன. இத்தகைய தொழிற்பகுதிகளில் புகையிலை மெல்லும் பழக்கம் வேரூன்றியிருப்பதை யாவரும் அறிவர். நம் நாட்டில் ஆண்டுதோறும் லட்சத்திற்கும் மேற்பட்டோரை வாய்ப் புற்றுநோய் புதிதாகப் பற்றுகிறது. அங்குள்ள தொழிலாளி ஒருவர், “ஒளியால் புற்று தீருமாமே, மெய்யா?” என்று வினவினால், நாம் என்ன விடை கூறுவது?

சில சாயங்கள் இருளில் பெருந்தீங்கு செய்வதில்லை. ஒளி பட்டதும் அருகிலுள்ள ஆக்ஸிஜனைக் கிளர்ச்சியுறச் செய்து உயிரணுக்களை மாய்க்கின்றன. அக்ரிடின் சாயத்தில் இட்ட நுண்ணுயிர்கள் ஒளியில் மடிவதை முனிச் நகரில் ஆஸ்கர் ராப் கண்டு, 1900-இல் வெளியிட்டார். இவ்வழியில் வந்த போட்டோஃப்ரின் என்னும் மருந்துக்குக் கனடா 1993-இல் அனுமதி வழங்கியது. ஆனால் அது தோலிலும் தங்குவதால், நோயாளி பல வாரங்கள் வெயிலைத் தவிர்க்க வேண்டும். மேலும், இத்தகைய சாயங்களுட் பல நீரில் கரையாமல் திரண்டுவிடும்.

இக்குறைகளைக் களையவே பாலிமர் நுண்துகள்களை ஆராய்கின்றனர். லாக்டிக், கிளைக்காலிக் அமிலங்களாலான பாலிமர், உடலுள் தானே கரையும் தையல் நூலாக முன்னரே பயன்படுகிறது. அதனை மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்களவு துகளாக்கிச் சாயத்தை உள்ளடக்கினால், புற்றுக்கட்டியின் கசியும் இரத்தக் குழாய்கள் வழியே அங்கு மிகுதியாகச் சேரும் என்பது எதிர்பார்ப்பு. இம்முயற்சி பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது.

இச்செய்திகளைத் தமிழாக்கும்போது “அற்புத மருந்து” என்றெழுத என் மனம் ஒருப்படுவதில்லை. சிவப்பொளியும் திசுவினுள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழத்திற்கு மேல் பயன்தரச் செல்லாது. துகள் எத்துணை நுட்பமாயினும், ஒளி எட்டாத இடத்தில் சாயம் வெறும் சாயமே. ஆகவே ஆழப் பரவாத நோய்க்கே இம்முறை ஏற்றது.

கொல்கத்தாவில் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை ஐரீன் ஜோலியோ-கியூரி அம்மையார் 1950-ஆம் ஆண்டு திறந்துவைத்தார். மருத்துவமனை அருகிருந்தும் நோயாளி காலங்கடந்து சென்றால் எம்மருந்தும் முழுப்பயன் தருதல் அரிது. வாயில் வெண்மை அல்லது செம்மைத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் திறப்பதில் இடர் ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் அனுப்புக. புகையிலையை விடும்படி வற்புறுத்துக. களப்பணியாளரும் ஆசிரியரும் இதனை இன்றே செய்யலாம். இதற்கு எந்த ஆராய்ச்சி முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டுவதில்லை.