மெழுகின் தொண்டு

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் விளங்கும் திருவாலங்காட்டு நடராசப் பெருமானின் செப்புத் திருமேனி, முதலில் மெழுகில் உருவானது. அதன்மேல் மண் பூசிச் சுட, மெழுகு உருகி வெளியேறி உலோகத்திற்கு இடம் தந்தது.

பூசையறையின் தேக்குக் கதவையும் தேன்மெழுகு காக்கும். ஆயினும் அதற்கு ஒரு வரிசை உண்டு. கடைகளில் லின்சீட் ஆயில் எனப்படும் ஆளிவிதை எண்ணெயையோ வார்னிஷையோ முதலில் பூசிப் பல நாள் உலரவிட வேண்டும். பிறகே மெழுகை மெல்லியதாகத் தடவித் துணியால் தேய்க்க வேண்டும். மெழுகின்மேல் வார்னிஷ் பிடிக்காது. ஆதலின் அதுவே இறுதிப் பூச்சு. ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் மெழுகு உருகிவிடும். விளக்கின் சூட்டை அது தாங்காது.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால், நெருப்பின்றியே அது தீப்பற்றக் கூடும். அதனை வெளியே விரித்து உலர்த்திய பின்னரே விளக்கேற்றுதல் நன்று.