மன்னிப்பு மட்டும் போதுமா?



எங்கள் ஊர்ப் பெண்களுக்கான வாராந்த வகுப்பு முடிந்து எல்லோரும் எழும்புகின்ற வேளையில், ஜப்பானில் ஒரு பெண் தனது இராணுவத்தையே நீதிமன்றத்துக்கு இழுத்த செய்தியைச் சொன்னேன். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒரு ராத்தா திரும்பிப் பார்த்து, "பொம்புளப் புள்ள பட்டாளத்துக்குப் போனா இப்படித்தானே நடக்கும் மௌலவி, அவ ஏன் போகணும்?" என்று கேட்டார். சிலர் தலையாட்டினார்கள். அன்று லுஹருக்கு நேரமாகிவிட்டதால் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தக் கேள்வி உங்களில் பலருக்கும் எழக்கூடியது. ஆகவே, அவர் ஏன் போனார் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

ரினா கொனோய் என்பது அவரது பெயர். ஜப்பானின் வடகிழக்கே மியாகி மாகாணத்தில் கடலோர ஊர் ஒன்றில் பிறந்தவர். 2011 மார்ச் 11ஆம் திகதி பெரும் பூமியதிர்ச்சியும் சுனாமியும் அப்பகுதியை அழித்தபோது அவருக்கு வயது 11. சுனாமி என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பரில் கல்முனையிலும் மருதமுனையிலும் காத்தான்குடியிலும் ஜனாஸாக்களை அடக்கியவர்கள் நாம். அகதி முகாமில் தங்கியிருந்த அந்தச் சிறுமிக்கு உதவ வந்தவர்களில் இராணுவப் பெண்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து, நானும் இப்படி ஆக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். 2020ஆம் ஆண்டு தரைத் தற்காப்புப் படையில் சேர்ந்தார். (இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுதப்பட்ட யாப்பு காரணமாக ஜப்பானியர் தங்கள் இராணுவத்தைத் தற்காப்புப் படை என்றே அழைக்கிறார்கள்.) உதவி செய்யும் கையாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் போன பிள்ளை அவர்.

புகுஷிமா மாகாணத்திலுள்ள முகாமுக்கு அனுப்பப்பட்டது முதல், உடலைப் பற்றிய ஆபாசப் பேச்சும் நடைவழியில் கட்டிப்பிடிப்பதும் அங்கு அன்றாடச் சங்கதியாக இருந்ததாக அவர் பின்னர் கூறினார். 2021 ஓகஸ்டில் ஹொக்கைடோ தீவில் நடந்த பயிற்சியின்போது, தங்குமிட அறை ஒன்றில் மூன்று ஆண் சிப்பாய்கள் அவரைக் கழுத்தில் பிடித்துக் கட்டிலில் அழுத்தி, ஆடையோடேயே அசிங்கமாக நடந்துகொண்டார்கள். இதற்கு மேல் இந்தப் பக்கத்தில் எழுத எனக்கு விருப்பமில்லை. அறையில் பத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் இருந்தார்கள். எவரும் தடுக்கவில்லை. சிலர் சிரித்தார்கள்.

அவர் மேலதிகாரிகளிடம் முறைப்பாடு செய்தார். விசாரித்தபோது அறையில் இருந்த எவரும் எதையும் பார்த்ததாகச் சொல்லவில்லை. இராணுவப் பொலிஸாரிடமும் போனார். 2022 மே மாதத்தில், போதிய சாட்சியம் இல்லை என்று அரச வழக்குத்தொடுநர்கள் கோவையை மூடிவிட்டார்கள். அடுத்த மாதமே அவர் படையிலிருந்து விலகினார்.

வழமையாக இந்த இடத்தில் கதை முடிந்துவிடும். அநேகமான பெண்கள் இந்த இடத்தில்தான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். வீட்டாரும், "நடந்தது நடந்துபோச்சு, வெளியில் தெரிந்தால் உனக்குத்தான் கேடு" என்று சொல்லிவிடுகிறோம். கொனோய் என்ன செய்தார் என்றால், தமது முகத்தோடும் சொந்தப் பெயரோடும் எல்லாவற்றையும் பகிரங்கமாகச் சொன்னார். ஜப்பானில் இது சாதாரண காரியமல்ல. அவரைத் தூற்றியும் எண்ணற்றோர் எழுதினார்கள். ஆனால் நீதியான விசாரணை வேண்டும் என்ற அவரது மனுவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். அதைப் பாதுகாப்பு அமைச்சில் கையளித்தார்.

அப்புறம்தான் சக்கரம் உருண்டது. 2022 செப்டெம்பரில் தரைப்படையின் தளபதி, நடந்தவை உண்மை என்று ஒப்புக்கொண்டு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஒக்டோபரில் சம்பந்தப்பட்டவர்களில் நால்வர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். டிசம்பரில் ஐவர் பதவி நீக்கப்பட்டார்கள். படை முழுவதிலும் நடத்திய விசேட விசாரணையில் தொந்தரவு பற்றிய 1,300க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் வந்து சேர்ந்தன. ஒரு பிள்ளை வாய் திறந்ததும் எத்தனை வாய்கள் திறந்தன, பாருங்கள்!

மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, வேலையும் போய்விட்டது, இனியும் என்ன வழக்கு என்று நீங்கள் கேட்கலாம். கொனோய்க்கு அந்த மன்னிப்பில் மனம் நிறையவில்லை. 2023 ஜனவரியில் யொகொஹாமா மாவட்ட நீதிமன்றத்தில் அந்த ஐவரிடம் 55 இலட்சம் யென்னும், அரசாங்கத்திடம் 20 இலட்சம் யென்னும் நஷ்டஈடு கோரி சிவில் வழக்குத் தொடுத்தார். குற்றவியல் வழக்கும் மீண்டும் உயிர்பெற்றது. ஜப்பானில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. வழக்குத்தொடுநர் ஒரு கோவையை மூடிவிட்டால், வாக்காளர் இடாப்பிலிருந்து சீட்டுக் குலுக்கித் தெரிவுசெய்த 11 சாதாரண மக்கள் அந்த முடிவு சரியா என்று பரிசீலிக்கலாம். இந்தக் கோவையை மூடியது தவறு என்று அந்தக் குழு சொன்னது. 2023 மார்ச்சில் மூவர் மீது வழக்குத் தாக்கலானது. நீதிமன்றத்தில் மூவரும் தாங்கள் குற்றவாளிகள் அல்ல என்றார்கள். சிரிக்க வைக்கத்தான் செய்தேன் என்று ஒருவர் சொன்னார். 2023 டிசம்பர் 12ஆம் திகதி புகுஷிமா மாவட்ட நீதிமன்றம் மூவரையும் குற்றவாளிகளாகக் கண்டு, ஆளுக்கு இரண்டு வருடச் சிறைத்தண்டனை விதித்து, அதை நான்கு வருடங்களுக்கு ஒத்திவைத்தது. சிறைக்குப் போகவில்லையே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனாலும் அது வேடிக்கை அல்ல, குற்றம் என்று நீதிமன்றத் தீர்ப்பில் எழுதப்பட்டுவிட்டது.

வேறு வேலைத்தலங்களை விட இராணுவத்தில் இது கடினமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கு முறைப்பாடு போக வேண்டிய இடம் மேலதிகாரி. பதவி உயர்வும் இடமாற்றமும் லீவும் அவர் கையில். தவறு செய்தவரே மேலதிகாரியாக இருந்தால், அல்லது அவரின் கூட்டாளியாக இருந்தால், அந்தப் பெண் யாரிடம் போவது? சட்டமும் சில நாடுகளில் கதவை அடைத்து வைத்திருக்கிறது. அமெரிக்காவில் சேவையோடு தொடர்பாக நேர்ந்த பாதிப்புக்குச் சிப்பாய் ஒருவர் அரசாங்கத்திடம் நஷ்டஈடு கேட்டு வழக்காட முடியாது என்று உயர் நீதிமன்றம் 1950இல் தீர்ப்பளித்தது. 2011இல் பாதுகாப்புச் செயலாளர்களாக இருந்தவர்கள் மீது இராணுவத்தில் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள் பலர் சேர்ந்து வழக்குத் தொடுத்தபோது, அதே போக்கில் அது தள்ளுபடியானது. 2013இல் மேன்முறையீட்டிலும் தோற்றார்கள்.

கனடாவில் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கு 2015இல் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் மரி டெஷாம் அம்மையார் விசாரித்து, இராணுவத்தின் சூழலே பெண்களுக்கு விரோதமானது என்று அறிக்கை கொடுத்தார். அதன் பின் பாதிக்கப்பட்டவர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். ஆண்களும் அதில் உண்டு. 2017 டிசம்பரில் அரசாங்கத்தின் சட்டத்தரணிகள், தொந்தரவு இல்லாத வேலைத்தலத்தைத் தம் சிப்பாய்களுக்கு ஏற்படுத்திக் கொடுக்கும் சட்டக் கடமை தங்களுக்கு இல்லை என்று வாதிட்டார்கள்! பிள்ளையை ஒப்படைத்த வீட்டார், பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பல்ல என்று சொன்ன மாதிரி. இது பத்திரிகைகளில் வெளிவந்ததும் பிரதமர் ட்ரூடோவுக்கே வெட்கமாகிவிட்டது. வாதத்தை மீளப் பெற்று, சமரசப் பேச்சுக்கு வந்தார்கள். 2019 நவம்பரில் 900 மில்லியன் கனடிய டொலர் வரையான உடன்பாட்டை நீதிமன்றம் அங்கீகரித்தது. 2021 டிசம்பரில் பாதுகாப்பு அமைச்சர் அனிதா ஆனந்த் அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். இந்தக் கேட்டை ஒழிக்கவென்று 2015இல் பெரிய திட்டத்தைத் தொடக்கிவைத்த அதே இராணுவத் தளபதி, பின்னர் தம் மீதான ஒரு விசாரணையைத் தடுக்க முயன்றதாக 2022இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 2024 ஜூலையில் அந்த இராணுவத்தின் தலைமைப் பொறுப்புக்கு முதன்முறையாக ஒரு பெண், ஜெனி கரிஞான், வந்தார்.

இனி ராத்தாவின் கேள்வி. அவ ஏன் போகணும்? இதே கேள்வியை நாம் சவூதிக்கும் குவைத்துக்கும் பணிப்பெண்ணாகப் போய், அடிபட்டுத் திரும்பி வந்த நம் பெண்களிடமும் கேட்டிருக்கிறோம். தையல் தொழிற்சாலைக்கு பஸ்ஸில் போகிற பிள்ளையிடமும் கேட்கிறோம். பெண்கள் பட்டாளத்தில் சேரலாமா கூடாதா என்பது ஒரு பேச்சு, அதைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் ஒரு கருத்து இருக்கட்டும். ஆனால் அவளை அழுத்திப் பிடித்த கை யாருடையது என்பது வேறு பேச்சு. முதற் கேள்வியைக் கேட்டுக்கேட்டே இரண்டாவதை நாம் கேட்காமல் விட்டுவிடுகிறோம். வழக்கை விசாரித்த நீதிபதிக்குத் தீர்க்க வேண்டியிருந்தது அந்த மூன்று ஆண்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான்.

அடுத்த வாரம் இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். ராத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த அறையில இருந்து சிரிச்சவனுகளுக்கு என்ன நடந்திச்சு?" என்று கேட்டார். பதவி நீக்கப்பட்டவர்கள் ஐந்து பேர்தான் என்றேன். அவரது முறைப்பாட்டை உரிய முறையில் விசாரிக்காத பிரிவுத் தளபதியும் அதே நேரத்தில் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உள்ளானார் என்றும் சொன்னேன். "அது சரி, மத்தவனுகள்?" என்றார் ராத்தா.