அறுவைசிகிச்சை முடிந்தது, பால் இறங்குகிறதா?

பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றுக்கு இதயக் குறைபாடு இருக்கிறது. அவற்றில் சில, பிறந்த சில நாட்களிலேயே அறுவை அரங்குக்குப் போயாக வேண்டியவை. இடம் மாறிய பெருநாளங்களைத் திருத்துவதும், குறுகிய பெருந்தமனி வளைவை விரிவாக்குவதும் இன்று தமிழகத்தில் சாத்தியம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும், 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டமும் ஏழைப் பெற்றோருக்குக் கைகொடுக்கின்றன.

ஆனால், அறுவைசிகிச்சை வெற்றி என்று மருத்துவர் சொன்ன பிறகும் பல குழந்தைகளால் வீடு திரும்ப முடிவதில்லை. காரணம், பால் குடிக்க வரவில்லை. உணவூட்டலை வார்டு வேலையாகவே நினைத்துக்கொண்டிருந்தால், அரங்கில் கிடைத்த வெற்றியை எடை மெஷினில் இழப்போம்.

ஏன் குடிக்க முடிவதில்லை?

உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் மூன்றும் ஒத்திசையும் திறன் சுமார் 34ஆவது கர்ப்ப வாரத்தில் உருவாகிறது. பிறந்த பின் பழகப் பழக உறுதிப்படுகிறது. பழக வேண்டிய அந்நாட்களில் இக்குழந்தை வென்டிலேட்டரில் கிடக்கிறது. குழாய் செருகவும் சளி உறிஞ்சவுமே வாயைத் தொடுகிறார்கள். பிறகு மார்பருகே கொண்டுபோனால், குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்வதில் வியப்பில்லை.

இடது குரல் நாணை இயக்கும் நரம்பு, பெருந்தமனி வளைவைச் சுற்றித்தான் மேலேறுகிறது. அங்கே அறுவைசிகிச்சை செய்யும்போது நரம்பு பாதிக்கப்பட்டால், நாண் சரியாக மூடாது. அழுகை கம்மிப்போகும், பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். சில குழந்தைகள் அப்போது இருமுவதுகூட இல்லை. புரையேறியது தெரியாமலே நுரையீரலில் தொற்று வந்துவிடும்.

கணக்கும் இடிக்கிறது. ஆரோக்கியமான பச்சிளங்குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 - 110 கலோரி போதும். இதயக் குறைபாடுள்ள குழந்தைக்கு 120 - 150 தேவைப்படலாம். தாய்ப்பாலில் 100 மி.லி.க்குச் சுமார் 67 கலோரி. மூன்று கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 130 கலோரி கிடைக்க வேண்டுமானால், தினமும் ஏறத்தாழ 580 மி.லி. பால் வேண்டும். இதயத்தின் சுமையைக் குறைக்க நீரின் அளவைக் கட்டுப்படுத்தும் மருத்துவர், அவ்வளவு அனுமதிப்பது கடினம். குடலுக்கு ரத்தம் குறைந்திருந்தால் பாலை வேகமாகக் கூட்டவும் முடியாது. அளவை ஏற்றாமல் பாலின் சத்தைக் கூட்டுவதே வழி. அதற்கு ஊட்டச்சத்து வல்லுநரின் கணக்கு தேவை.

வீட்டில் நேர்வது

இதையெல்லாம் யாரும் விளக்காததால், பழி தாயின் மீது விழுகிறது. “உனக்குப் பால் பத்தலை” என்கிறார்கள். பால் செலுத்தும் மூக்குக் குழாயைக் கண்டால் உறவினர்கள் பதறி, பாலாடையில் ஊற்றச் சொல்கிறார்கள். விழுங்கும் திறன் தேறாத குழந்தைக்கு அது ஆபத்து. பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பதும், அரை மணி நேரமாகியும் குடித்து முடிக்காமல் களைப்பதும் எச்சரிக்கைகள் என்பதை வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குழந்தைகள் மருத்துவமனை 2000இல் எளிய வழியொன்றைத் தொடங்கியது. முதல் கட்ட அறுவைசிகிச்சை முடிந்த, ஒற்றைக் கீழறை இதயமுள்ள குழந்தைகளின் வீட்டுக்கு எடை மெஷினையும் ஆக்சிமீட்டரையும் கொடுத்தனுப்பியது. மூன்று நாளில் 20 கிராம்கூட ஏறாவிட்டால் பெற்றோர் உடனே அழைக்க வேண்டும். அடுத்த அறுவைசிகிச்சைக்கு முன் நேரும் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

யார் பொறுப்பு?

அறுவைசிகிச்சைக்கே குழந்தைகள் வரிசையில் காத்திருக்கையில், இதற்கும் பணமா என்று கேட்கலாம். எடை ஏறாத குழந்தை திரும்பிவந்து நிரப்புவதும் அதே படுக்கையைத்தான். பல கட்டங்களாகச் செய்யும் சிகிச்சைக்கு எடையே நுழைவுச்சீட்டு.

தேவையானவை பெரும்பாலும் நம்மிடமே உண்டு. அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களின் பணியமைப்பில் பேச்சுப் பயிற்சியாளருக்கு இடமுண்டு; அவரை விழுங்கும் பயிற்சிக்கும் தயார்ப்படுத்தலாம். கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடிப்போய் எடை பார்க்கலாம். இவர்களை அறுவைசிகிச்சை செய்த மருத்துவமனையோடு இணைக்கும் ஏற்பாடுதான் வேண்டும்.

காப்பீட்டுத் தொகுப்பில் விழுங்கும் திறன் பரிசோதனை, பால் கறக்கும் பம்ப், உணவுக் குழாய், சத்துக் கூட்டும் பொடி ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். தொகுப்புத் தொகையின் ஒரு பகுதியை, மூன்றாம் மாதம் குழந்தையின் எடை பதிவான பிறகே மருத்துவமனைக்கு விடுவிக்கலாம். எடை ஏறியதா என்று அரசு கேட்கத் தொடங்கினால், பால் இறங்குகிறதா என்று மருத்துவமனை முதல் நாளிலிருந்தே பார்க்கும்.