கேமரா நல்ல கேமராவோ?

போன மாதம் பக்கத்து பிளாக்கில் ஒரு கல்யாணம். நான் எடுத்த படங்களைப் பார்த்த நண்பர், "சார், கேமரா ரொம்ப விலையோ? அதான் இப்படி வந்திருக்கு" என்றார். அடுத்த கேள்வி வழக்கமானது. "எவ்வளவு தூரம் ஜூம் ஆகும்?" ஜூமே ஆகாது, 50 எம்.எம். லென்ஸ் என்றேன். ஐயோ பாவம் என்பதுபோல் பார்த்தார்.

லென்ஸ் பருமனாக இருப்பது தூரத்துக்கு மட்டுமில்லை, வெளிச்சத்துக்கும்தான். வாய் அகன்ற லென்ஸ் மங்கலான மண்டபத்திலும் ஃபிளாஷ் இல்லாமல் முகத்தைப் பிடிக்கும். காசு அதற்கு. ஆனால் தாலி ஏறும் நொடியில் பெண்ணின் அப்பா எந்தத் தூணுக்குப் பின்னால் கண்ணைத் துடைக்கிறார் என்று அது சொல்லாது.

1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் வந்தார். (பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன், பெயரையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.) கையில் சின்ன லைக்கா. பெரும்பாலும் 50 எம்.எம். லென்ஸ்தான் போடுவார். கேமராவின் பளபளப்பு யார் கண்ணிலும் படக்கூடாதென்று கறுப்பு டேப் ஒட்டி வைப்பார். பல்லாண்டுகளாகப் படமெடுக்க இடம் கொடுக்காத அரவிந்தரை அவர் எடுத்தார். அந்த டிசம்பர் 5-ஆம் தேதி அரவிந்தர் மறைந்தார். லைக்கா வாங்கக் காசுள்ளவர்கள் இன்று நிறைய.

நண்பர் நம் சுரங்கத்தில் அந்த ராட்சத ஜெர்மன் மிஷினை ஓட்டி ரிட்டயரானவர். "உங்கள் மிஷின் நல்ல மிஷின், அதான் நிலக்கரி வந்தது, இல்லையா?" என்றேன். முறைத்தார். பிறகு படங்களை மறுபடி வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.